மல்லிகைக் கவாத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

கார்த்திகை பிறந்ததும் குண்டுமல்லி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சபலம் வரும். செடியில் பூ குறைந்துவிட்டது. ஆனால் இருக்கிற கொஞ்சப் பூவுக்கே சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டிலும் பரமத்திவேலூர் ஏலத்திலும் நல்ல விலை கிடைக்கிறது. முகூர்த்த நாள்கள் வேறு. 'இந்த வாரம் போகட்டும், அடுத்த வாரம் வெட்டலாம்' என்று தள்ளிக்கொண்டே போனால் மார்கழி பாதி ஓடிவிடும். அரைக் கிலோ பூவுக்காகச் செய்யும் இந்தத் தாமதம் அடுத்த ஆண்டு வரவில் கை வைத்துவிடுகிறது.

குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்தால் தையில் தளிர் நன்றாக ஓடி, மாசியில் முதல் பூ வரத் தொடங்கும். சந்தையில் வரத்து குறைவான நேரம் அது. தாமதித்தவரின் தோட்டம் சித்திரையில்தான் நிறையும். அப்போது எல்லோரும் மூட்டை மூட்டையாகக் கொண்டு வருவார்கள்; பறிகூலிக்கே கட்டாத நாள்களும் உண்டு.

கவாத்துக்கு முன்பு சில நாள் தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. உயரத்தில், அதாவது ஏறக்குறைய ஒன்றரை அடியில் வெட்டுங்கள். காய்ந்த குச்சி, நோய் கண்ட கிளை, உள்பக்கம் நெருங்கி வளர்ந்தவை எதையும் விட்டுவைக்க வேண்டாம். ஏக்கர் முழுவதையும் ஒரே நாளில் வெட்டாமல் மூன்று பங்காகப் பிரித்து, பத்து நாள் இடைவெளியில் வெட்டினால் பூவும் பிரிந்து வரும். பறிக்க ஆள் தேடும் தொல்லையும் குறையும்.

வெட்டியதும் தூரைக் கொத்திவிட்டு உரம் வையுங்கள். ஒரு செடிக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழு உரத்துடன் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து, சாம்பல்சத்து தலா 120 கிராம் என்பது பரிந்துரை. ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து, கவாத்துக்குப் பின் ஒரு முறையும் ஆனி, ஆடியில் மறுமுறையும் இட வேண்டும். ஒரு முறைக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் என்று கணக்கு வரும். சூப்பர் அளவைக் கேட்டுப் பலர் மலைப்பார்கள். மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி மாற்றிக்கொள்ளலாம்.

நாமக்கல் பக்கம் கோழி எருவுக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே பண்ணையிலிருந்து வந்த லோடை அப்படியே தூரில் கொட்டிவிடுகிறார்கள். பச்சை எரு சூடு. இளம் வேரைக் கருக்கிவிடும். மழை படாமல் குவித்து, நன்றாக மக்கிய பின் போடுங்கள். சுண்ணாம்பு கலந்த நிலத்தில் நரம்பு பச்சையாக இருக்க இலை மட்டும் மஞ்சளித்தால் அது இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி உப்பு எனப்படும் இரும்பு சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் கலந்து, பச்சை திரும்பும் வரை மாதம் ஒரு முறை தெளிக்கலாம்.

வெயில் காலம் மல்லிகையின் காலம். விடியுமுன் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு சாலுக்குள் இறங்கும்போது வரும் வாசம், இரவெல்லாம் மோட்டாரோடு பட்ட பாட்டை மறக்கடிக்கும். அந்த நேரத்திலேயே இலையின் அடிப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். சிவப்புச் சிலந்தி இருந்தால் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, பறிப்பு முடிந்த பிறகு தெளியுங்கள்.

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. மொட்டு ஊதா நிறமாகிக் காய்ந்தால் மொட்டு ஈயின் வேலை. கெட்ட மொட்டுகளைப் பறித்து அழித்துவிடுங்கள். செடியிலேயே விட்டால் அடுத்த தலைமுறை வரும். ஈயின் கூட்டுப்புழு மண்ணில் இருப்பதால் தூரைக் கிளறி வேப்பம் புண்ணாக்கு இடுவதும் பலன் தரும்.

சரி, மார்கழி, தையில் கிலோ 1,000 ரூபாயைத் தாண்டும்போது நம்மிடம் பூ இல்லையே என்கிறீர்களா? மொட்டையடித்த குண்டுமல்லியிடம் அதைக் கேட்பதில் பயனில்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட கோ.1 நட்சத்திர மல்லிகை பனிக்காலத்திலும் பூக்கும். சில வரிசை வைத்துப் பார்க்கலாம். சாமந்தி, பகல் குறையும்போது மொட்டு வைக்கும் செடி. ஆனி, ஆடியில் நட்டு, நான்கு வாரத்தில் நுனி கிள்ளிவிட்டால் ஆயுத பூஜைக்குப் பிறகும் பறிக்கலாம்.

பனமரத்துப்பட்டிக்காரர்களுக்கு அரளியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கும் புரட்டாசிச் சனிக்கும் அதுதான் கை கொடுக்கிறது. புதிதாக வைப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அரளியின் இலை, குச்சி, பூ எல்லாமே விஷம். வெட்டிய கிளையை ஆடு, மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள். காய்ந்த இலையும் கொல்லும்.

சந்தேகம் இருந்தால் சந்தியூரிலும் நாமக்கல்லிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் பாதிக்கப்பட்ட கிளையையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கவாத்துக்கு ஆள் சொல்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஆண்டு நன்றாகப் பூத்த செடிகளில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டிவையுங்கள். வெட்டிய பிறகு எல்லாச் செடியும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனியில் பதியன் போட அவைதான் தாய்ச்செடி. அதில் இரண்டு பதியனைக் கிணற்றடிக்கென்று ஒதுக்குங்கள். அந்தப் பூ வீட்டுப் பெண்களுக்கு, எடை போட வேண்டாம்.