தாய்மையும் மீள்பணியும்

நுழையும்முன்

குழந்தை வளர்ப்புக்காகப் பணியை விட்ட பெண்கள் பலர், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பணிக்குச் செல்ல விரும்புகின்றனர். கற்ற கல்வியும் பெற்ற பட்டறிவும் அவர்களிடம் உள்ளன. எனினும், விரும்பியவர் அனைவராலும் திரும்ப இயலுவதில்லை. அதற்குரிய காரணங்களையும் துணைநிற்கும் ஏற்பாடுகளையும் இப்பாடம் விளக்குகிறது.

வளர்ப்பவர் யார்?

சங்க அகப்பாடல்களில் தலைவிக்கு இரு தாயர் உண்டு. ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். செவிலியின் மகளே தலைவியின் தோழி. இம்மரபு வளமான குடும்பங்களின் வாழ்வைக் காட்டுவதாயினும், ஒரு குழந்தையை வளர்க்கப் பலர் வேண்டும் என்னும் உண்மை இதில் அடங்கியுள்ளது.

பிற்காலக் கூட்டுக் குடும்பங்களில் பாட்டியும் அத்தையும் சித்தியும் இப்பொறுப்பைப் பகிர்ந்துகொண்டனர். வயல் வேலைக்குச் சென்ற தாய், அருகிலிருந்த மரக்கிளையில் தூளி கட்டிக் குழந்தையை உறங்கவைத்தாள். மூத்த பிள்ளை ஒன்று அத்தூளியை ஆட்டிக்கொண்டிருக்கும். அப்பிள்ளை பெரும்பாலும் பள்ளிக்கு அனுப்பப்படாத பெண் குழந்தை என்பதையும் மறத்தல் ஆகாது.

இன்று நகரங்களில் தனிக்குடும்பங்கள் பெருகிவிட்டன. கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் வீட்டில் குழந்தை பிறந்ததும், ‘பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார்?’ என்னும் வினா எழுகிறது. விடை கிடைக்காத வீடுகளில் பணியை விடுபவர் பெரும்பாலும் தாயே ஆவார்.

சட்டம் தரும் காலம்

இந்தியாவில் 1961ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மகப்பேற்று நலச் சட்டம், 2017இல் திருத்தப்பட்டது. 12 வாரமாக இருந்த ஊதியத்துடன் கூடிய விடுப்பு, முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்த்தப்பட்டது. இவ்விடுப்பில் இருக்கும் பெண்ணைப் பணிநீக்கம் செய்வது சட்டத்திற்குப் புறம்பானது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருத்தல் வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று குழந்தையைப் பார்த்துவரலாம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இவ்வுரிமைகள் இடம்பெற்றுள்ளன. தமிழ்நாடு அரசு, தன் பெண் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை முதல் 12 மாதங்களாக உயர்த்தியது.

இடைப்பட்ட ஆண்டுகள்

இச்சட்டங்கள் பெரும்பயன் தருபவை. ஆயினும், அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. 26 வாரம் என்பது ஏறத்தாழ ஆறு மாதம். அதில் எட்டு வாரம் வரை மகப்பேற்றுக்கு முன்னரே எடுத்துக்கொள்ளலாம். எனவே, விடுப்பு முடியும் நாளில் குழந்தை தவழக்கூடத் தொடங்கியிராது. அது முதல் வகுப்பில் சேர ஐந்து வயது நிறைய வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் பெண்ணின் பணிவாழ்வு தொடர்வதும் அறுபடுவதும் தீர்மானிக்கப்படுகின்றன.

சிறிய கடை, மருத்துவமனை, மழலையர் பள்ளி ஆகியவற்றில் பணிபுரியும் பெண்கள் ஏராளம். அங்கெல்லாம் 50 பேர் இருப்பது அரிது. ஆகவே காப்பகமும் இராது. தனியார் காப்பகத்தை நாடினால், தாய் பெறும் ஊதியத்தின் பெரும்பகுதி அதற்கே செலவாகிவிடும். அந்நிலையில் வேலையை விட்டுவிடுவதே சிக்கனம் எனக் குடும்பம் கணக்கிடுகிறது. இழக்கும் மாத ஊதியம் மட்டுமே அக்கணக்கில் இடம்பெறுகிறது; பதவி உயர்வும் முதுமைக்கால வருவாயும் விடுபட்டுப்போகின்றன.

தெரிந்து தெளிவோம்

1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். இளமையில் விடுபடும் சில ஆண்டுகள், முதுமையில் ஓய்வூதியத் தொகையைக் குறைக்கவும் கூடும்.

திரும்பும் வழியில்

2016இல் பணியை விட்ட கணக்கர் ஒருவர், 2021இல் திரும்ப விரும்புவதாகக் கொள்வோம். அவர் பழகியிருந்த மதிப்புக் கூட்டு வரியின் இடத்தில், 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்துவிட்டது. படிவங்களும் மென்பொருளும் மாறிவிட்டன. நேர்காணலில், ‘ஐந்து ஆண்டுகள் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கப்படும்போது அவர் தயங்குகிறார். ‘வீட்டில் சும்மா இருந்தேன்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. இச்சொல் உண்மைக்கு மாறானது.

2019இல் நடுவண் அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதனைத் தெளிவுபடுத்துகிறது. ஊதியமற்ற வீட்டுவேலைகளில் ஈடுபட்ட பெண்கள், நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றில் செலவிட்டனர். அவ்வேலைகளில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்களே. ஏறக்குறைய ஐந்து மணிநேர உழைப்பைச் ‘சும்மா’ எனக் கூறுதல் பொருந்துமா?

அக்கணக்கர் இழந்தது சில புதிய நடைமுறைகளின் பழக்கத்தை மட்டுமே. பற்று, வரவு விதிகள் மாறவில்லை. முறையான குறுகிய காலப் பயிற்சி அக்குறையைப் போக்கிவிடும். ஆனால், காலை உணவும் குழந்தையின் பள்ளிப் பையும் மாலைப் பாடமும் முன்போலவே அவர் பொறுப்பாக நீடித்தால், எந்தப் பயிற்சியும் அவரைப் பணியில் நிலைக்கச் செய்யாது. இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மறுநாள் விடுப்பு எடுப்பவர் எப்போதும் தாயாகவே இருப்பது ஏன் என்பதைக் குடும்பம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

2023ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசைப் பெற்ற அமெரிக்க அறிஞர் கிளாடியா கோல்டின், பெண்களின் வேலைவாய்ப்பு வரலாற்றை ஆராய்ந்தவர். ஒரே தொழிலில் உள்ள ஆண், பெண் இருவரின் வருவாய் வேறுபாடு, பெருமளவு முதல் குழந்தையின் பிறப்பை ஒட்டியே தோன்றுகிறது என்பதை அவர் ஆய்வு காட்டியது. இது ஒரு நாட்டிற்கு மட்டும் உரிய சிக்கல் அன்று என்பது இதனால் விளங்கும்.

துணைநிற்கும் முயற்சிகள்

பணியில் இடைவெளி ஏற்பட்ட பெண் அறிவியலாளர்கள் மீண்டும் ஆய்வைத் தொடர, நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் தனித்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்திற்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெண் தொழிலாளர் ஒருவரை அமர்த்தி, அவருக்கும் ஊதியம் வழங்கவேண்டும் என விதித்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் ஊதியத்திற்குரிய உழைப்பே என்பதை இவ்விதி ஏற்றுக்கொண்டது. சில தனியார் நிறுவனங்களும் இடைவெளிக்குப் பின் வரும் பெண்களுக்குப் பயிற்சியளித்துப் பணி வழங்குகின்றன.

வீட்டிலிருந்து குழந்தையை வளர்ப்பதையே விரும்பும் தாயரும் உளர். அவ்விருப்பமும் மதிக்கத்தக்கதே. திரும்ப விரும்புபவருக்கு வழி அடைபட்டிருத்தல்தான் குறை.

இன்று பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவரும் மாணவியரும் நாளைய பெற்றோர். நேர்காணல் நடத்தும் அலுவலர்களாகவும் அவர்களுள் பலர் விளங்குவர். ‘குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார்?’ என்னும் வினாவுக்கு ‘நாம்’ என்று விடைகூறும் வீட்டில், தாய் பணிக்குத் திரும்பும் வழி திறந்திருக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு நாளில் ஒவ்வொருவரும் வீட்டுவேலைக்குச் செலவிடும் நேரத்தை அட்டவணைப்படுத்துக.

2. பணிக்குத் திரும்பிய தாய் ஒருவரைச் சந்தித்து, அவருக்குத் துணைநின்றவற்றைக் கேட்டறிந்து வகுப்பில் பேசுக.