முதியோர் இல்லவாசிகளின் தவிர்க்கக்கூடிய மருத்துவமனைச் சேர்க்கை

முதியோர் இல்லத்தில் வசிப்பவரின் உடல்நலக் குறைவை அங்கேயே முன்கூட்டிக் கண்டறிந்து கவனித்திருந்தால் தேவைப்பட்டிராத சேர்க்கை, தவிர்க்கக்கூடிய மருத்துவமனைச் சேர்க்கை எனப்படுகிறது. மாரடைப்பு, பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு ஆகியவற்றுக்கான அவசரச் சிகிச்சை இதில் அடங்காது.

காரணங்கள்

சிறுநீர்ப்பாதைத் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, படுக்கைப்புண், இரத்தச் சர்க்கரை ஏற்ற இறக்கம், மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவை முக்கியக் காரணங்கள். முதுமையில் தாக உணர்வு குறைவதால், சேலம், நாமக்கல் சமவெளி போன்ற வெப்பப் பகுதிகளில் கோடையில் நீரிழப்பைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

பாதிப்புகள்

இடமாற்றத்தாலும் தூக்கமின்மையாலும் முதியவருக்குத் திடீர் மனக்குழப்பம் ஏற்படலாம். சில நாள் படுக்கையில் இருந்தாலே தசை வலுவிழக்கும். நடந்து சென்றவர் நடக்க இயலாமல் திரும்புவதுண்டு. மருத்துவமனைத் தொற்றும் ஓர் அபாயம்.

தடுக்கும் முறைகள்

நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் காய்ச்சலாக இருப்பதில்லை. வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசுதல், உண்ணுதல், நீர் அருந்துதல், புதிய சோர்வு, நடக்கக் கூடுதல் உதவி கேட்டல் போன்ற மாற்றங்களே முதலில் தெரியும். இவற்றை முதலில் காண்பவர் அன்றாடம் உடனிருக்கும் பணியாளரே. அவர் உடனே செவிலியரிடம் தெரிவிப்பதும், செவிலியர் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சர்க்கரை அளவுகளுடன் மருத்துவரை அழைப்பதும் அடிப்படை நடைமுறை.

அமெரிக்காவில் 2012-இல் ஏழு மாநிலங்களில் இதற்கான அரசுத் திட்டம் தொடங்கியது. மிசூரியில் ஒவ்வோர் இல்லத்திலும் உயர்பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் முழுநேரம் பணியமர்த்தப்பட்டார். அங்கு மருத்துவமனைச் சேர்க்கை கணிசமாகக் குறைந்தது. பின்னர் கூடுதல் கட்டணம் மட்டும் வழங்கப்பட்ட இல்லங்களில் அத்தகைய பலன் கிடைக்கவில்லை. நேரில் கவனிக்கும் ஆளே முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் முதியோர் பெரும்பாலும் வீடுகளிலேயே வசிக்கின்றனர். 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில், 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள், இயன்முறை மருத்துவம், வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை ஆகியவை இதன்மூலம் வீட்டுக்கே வருகின்றன. 2024-இல் தொற்றாநோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அவையின் விருதை இத்திட்டம் பெற்றது. மருந்து இடையில் நின்று நோய் முற்றுவதைத் தடுக்கும் இந்த அணுகுமுறை முதியோர் இல்லங்களுக்கும் பொருந்தும்.

தாமதிக்கக் கூடாத நிலைகள்

மார்புவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், கை கால் செயலிழத்தல், நினைவிழத்தல், தலையில் அடிபடுதல் ஆகியவற்றில் உடனே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். தேவையற்ற அலைச்சலைக் குறைப்பதே நோக்கம். தேவையான சிகிச்சையை மறுப்பது அன்று.