மதிலும் வேலியும்



மதில், எயில், இஞ்சி, புரிசை எனக் காவற்சுவருக்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. தஞ்சைப் பகுதியில் வேலி என்னும் சொல் நில அளவையின் பெயராகவும் வழங்கிற்று. ஒரு வேலி ஏறத்தாழ 6⅔ ஏக்கர். நிலத்தைச் சுற்றி அமையும் இக்காவலைப் பற்றிச் சில செய்திகளை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

கணக்காசிரியனாகப் பல்லாண்டு பணியாற்றியவன் நான். பத்துப் பேர் எட்டு நாளில் கட்டும் சுவரை ஐந்து பேர் எத்தனை நாளில் கட்டுவர் என்று உங்களைப் போன்ற மாணவர்களைப் பலமுறை கேட்டதுண்டு. அந்தக் கணக்குகளில் வரும் சுவர் ஒருநாளும் விழுவதில்லை. மண்மேல் நிற்கும் சுவரோ விழக்கூடியது. அது ஏன் விழுகிறது என்பதும் ஒரு கணக்கே.

வீட்டுச் சுவர்கள் மூலைகளில் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. மேலே கூரையும் அவற்றை அழுத்திப் பிணைக்கிறது. மதிற்சுவருக்கு அத்தகைய துணை இல்லை. தன் எடையையும் அடித்தளத்தையும் நம்பியே அது நிற்கிறது.

ஒன்பது அங்குலம், அதாவது சுமார் 23 செ.மீ. கனமும், 2 மீட்டர் உயரமும் உள்ள செங்கற்சுவரில் 1 மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 870 கிலோ. சுவர் கவிழ வேண்டுமாயின் தன் அடிவிளிம்பைப் பற்றியே சுழல வேண்டும். எடை செயற்படும் இடமோ அவ்விளிம்பிலிருந்து கனத்தில் பாதித் தொலைவில், அதாவது 0.115 மீட்டரில் உள்ளது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 100 வருகிறது. சுவரை நிமிர்த்தி வைக்கும் திருப்புத்திறன் அவ்வளவே.

இனி, ஒரு பக்கத்தில் மழைநீர் 1 மீட்டர் ஆழம் தேங்குவதாகக் கொள்வோம். நீரின் அழுத்தம் மேற்பரப்பில் இல்லை. ஆழத்தோடு வளர்ந்து, அடியில் சதுர மீட்டருக்கு 1000 கிலோ ஆகிறது. சராசரி 500. ஆகவே சுவரைத் தள்ளும் மொத்த விசை 500 கிலோ. அது அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் செயற்படுவதால், கவிழ்க்கும் திருப்புத்திறன் ஏறத்தாழ 167. நூறு எங்கே, நூற்று அறுபத்தேழு எங்கே! கலவையின் பிடிப்பொன்றே அப்பொழுது சுவரைக் காக்க வேண்டும். இழுவையைத் தாங்குவதில் அப்பிடிப்போ மிக எளியது. நீரின் ஆழம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். கவிழ்க்கும் திறன் எட்டு மடங்காகும். நீர் ஊறிய மண்மேடு வெறும் நீரைக் காட்டிலும் மிகுதியாகத் தள்ளும்.

இது கரும்பலகையோடு நின்றுவிடும் கணக்கன்று. 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், மழையில் நனைந்த உயரமான மதிற்சுவர் ஒன்று சரிந்து, அருகிலிருந்த எளிய வீடுகளின்மேல் வீழ்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அவர்களுள் பெண்களும் சிறுவர்களும் இருந்தனர்.

அங்ஙனமாயின் மதிலை எவ்வாறு கட்டுவது? முதலாவது, கடைகால் உறுதியான மண்ணை எட்ட வேண்டும். கரிசல் மண் மழையில் ஊதும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அங்கே வெடிப்புச் செல்லும் ஆழத்தையும் கடந்து தோண்ட வேண்டும். இரண்டாவது, செங்கல்லை நீரில் ஊறவைத்தே அடுக்க வேண்டும். உலர்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அடுத்தடுத்த வரிகளின் செங்குத்து இணைப்புகள் ஒரே நேர்க்கோட்டில் வரலாகாது. சிமெண்டு ஒரு பங்குக்கு மணல் ஆறு பங்கு என்பது வழக்கிலுள்ள கலவை. கட்டிய பின் ஏழு நாளேனும் நீர் தெளித்து நனைத்தல் வேண்டும். மூன்றாவது, ஏறத்தாழப் பத்தடிக்கு ஒன்றாகச் சுவரினும் கனமான தூண்களை இடையிடையே எழுப்ப வேண்டும். நான்காவது, நீர் வடிய அடியில் துளைகள் விட வேண்டும். ஒருபுறம் மண்மேடாக இருப்பின், அங்கே தேவைப்படுவது சாதாரண மதில் அன்று. அடியில் அகன்ற தாங்குசுவர். அதனைப் பொறியாளரைக் கொண்டே வகுக்க வேண்டும்.

ஆடுமாடுகளைத் தடுப்பது மட்டுமே நோக்கமாயின், கற்கால் நட்டு முள்கம்பி கட்டுவதே போதும். காற்றும் நீரும் அதனூடே கடந்து போய்விடும். ஏழடிக் கல்லில் இரண்டடியேனும் மண்ணுள் இருத்தல் நலம். இடைக் கால்களைக் கம்பி இருபுறமும் ஒத்து இழுக்கிறது. கடைசிக் காலை ஒருபுறமே இழுப்பதால், அதற்கு உதைகால் ஒன்று கொடுப்பர்.

மாணவர்களே, ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள், அதுவே தூக்குக்குண்டு. உங்கள் தெருவிலும் பள்ளியிலும் உள்ள மதில்களை, மழையில்லா நாளில், பெரியவர் ஒருவர் துணையோடு அதனைக்கொண்டு பாருங்கள். சுவர் நூலைவிட்டு விலகிச் சாய்ந்திருந்தாலும், நீளவாக்கில் வெடித்திருந்தாலும், நீர்த்துளை அடைபட்டிருந்தாலும் உடனே தலைமையாசிரியரிடமோ ஊராட்சியிலோ நகராட்சியிலோ தெரிவியுங்கள். கட்டியவர் காண்பது மதிலின் ஒரு பக்கத்தை. மறுபக்கத்தில் யாரோ ஒருவர் குழந்தையை உறங்க வைத்துக்கொண்டிருப்பார்.