சைக்கிள் கூட்டப் பயணம்: அனுமதி முதல் இழப்பீடு வரை

சைக்கிள் ஓட்ட உரிமம் வேண்டாம், பதிவெண் வேண்டாம், காப்பீடும் கட்டாயமில்லை. ஐம்பது பேரைத் திரட்டிக்கொண்டு சாலையில் இறங்கினால் கதை வேறு. அமைதியாகக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தருகிறது. சென்னையில் ஊர்வலங்களை முறைப்படுத்தும் அதிகாரம் 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் காவல் ஆணையருக்கு உண்டு. குறைந்தது 5 நாள் முன்பே எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். புறப்படும் இடம், நேரம், வழித்தடம், வருவோர் எண்ணிக்கை, பொறுப்பாளரின் கைபேசி எண் ஆகியவை அதில் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

வழித்தடத்தை அமைப்பாளர்கள் ஒருமுறையேனும் அதே நேரத்தில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்து மணல், திடீரெனத் திறக்கும் கார்க் கதவு, மழைநீர் வடிகாலின் உடைந்த மூடி எல்லாம் ஆளைச் சாய்க்கும். இவற்றைவிடக் கொடியது, இடப்பக்கம் திரும்பும் பேருந்துக்கோ லாரிக்கோ இடப்புறத்தில் மாட்டிக்கொள்வது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் பல நேரம் ஓட்டுநரின் கண்ணில் படுவதே இல்லை.

பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரித்து அனுப்பினால் மற்ற வண்டிகள் இடையே கடந்து போகலாம். ஒவ்வொரு குழுவுக்கும் வழி தெரிந்த ஒருவர் முன்னாலும், யாரையும் பின்னே விடாத ஒருவர் கடைசியிலும் வரவேண்டும். சிவப்பு விளக்கு விழுந்தால் குழு பிரிந்தாலும் நிற்கத்தான் வேண்டும். போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் தன்னார்வலர்களுக்கு இல்லை. சைக்கிளுக்குத் தலைக்கவசத்தை மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அமைப்பாளர்கள் அதை நிபந்தனையாக்கலாம், ஆக்கவும் வேண்டும்.

விபத்து நேர்ந்தால் முதலில் 108. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காயம்பட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் வழக்கில் சிக்குவோமோ என அஞ்ச வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது. மோதிய வண்டியின் ஓட்டுநர் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வதும் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் 134ஆம் பிரிவின்படி அவரது கடமை.

முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கிடைக்கும். அதை வைத்து 166ஆம் பிரிவின்கீழ் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். சட்டம் இதற்கு 6 மாதக் கெடு வைத்திருக்கிறது. இருட்டில் விளக்கில்லாமல் ஓட்டியது தெரிந்தால் தொகை குறையக்கூடும். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் வழி உண்டு. உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் திட்டம் 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. விண்ணப்பம் வருவாய்த்துறை விசாரணை அலுவலருக்குப் போகும். ‘சொந்தப் பொறுப்பில் வருகிறேன்’ என்று பயணத்துக்கு முன் கையெழுத்திட்ட தாள், மோதிய வண்டிக்காரரிடம் இழப்பீடு கேட்கும் உரிமையைப் பறிக்காது.

பள்ளத்தில் விழுந்தவருக்கு இந்தத் தீர்ப்பாயம் உதவாது, ஏனெனில் அங்கே மோட்டார் வண்டி இல்லை. சாலையைப் பராமரிக்கும் மாநகராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறை மீது நீதிமன்றத்தில்தான் முறையிட வேண்டும். அதனால் பள்ளத்தை அன்றே, இடம் அடையாளம் தெரியும்படி படம்பிடித்துவிட வேண்டும். மறுநாள் ஜல்லி கொட்டி மூடிவிட்டால் சான்று போய்விடும்.