தளம் லைவ் ஆகிவிட்டது, பாக்கி?

“சூப்பரா இருக்கு தம்பி. லைவ் பண்ணிடுங்க, பேலன்ஸை திங்கட்கிழமை போட்டுடறேன்.” வாட்ஸ்அப்பில் வந்த இந்த வரியை நம்பி, ஒரு துணிக்கடையின் இணையதளத்தை ராத்திரி பதினொரு மணிக்கு ஏற்றிவிட்டேன். என் முதல் பெரிய வேலை அது. எட்டு மாதமாகியும் பணம் வரவில்லை.

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், வேர்ட்பிரஸ் எல்லாம் யூடியூப் பார்த்து நானே கற்றவை. கொட்டேஷன் போடவும் பாக்கி வசூலிக்கவும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கையில் ஒரு சான்றிதழ்கூட இல்லாமல் எந்த முகத்தோடு சட்டம் பேசுவது என்ற கூச்சம் வேறு. தானாகக் கற்று இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களை வாயடைக்க வைப்பது அந்தக் கூச்சம்தான். அது வேண்டவே வேண்டாம்.

வீட்டு மூலையில் ஒரு லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை செய்பவரும் அரசின் உத்யம் தளத்தில் குறுநிறுவனமாகப் பதிந்துகொள்ளலாம். ஆதாரும் பான் எண்ணும் போதும். படிப்பைக் கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. பணம் கேட்கும் தளம் தரகருடையது, அந்தப் பக்கம் போகாதீர்கள். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிந்துவிடுங்கள். பாக்கி விழுந்தபின் பதிந்தால், பழைய பில்லுக்கு அது செல்லுமா என்பதே தனி வழக்காகிவிடும்.

பதிந்தவருக்குத் துணை நிற்பது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். பணம் தரும் நாளை எழுத்தில் பேசாவிட்டால், வேலையை ஏற்றுக்கொண்ட 15 நாளுக்குள் தந்தாக வேண்டும். பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். நமக்கென்றே எழுதியதுபோல் இன்னொரு விதியும் உண்டு: ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், ஒப்படைத்த அன்றே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. “அந்த பேனரை மட்டும் மாத்திடுங்க, அப்புறம் செட்டில் பண்ணலாம்” என்று நான்காவது மாதத்திலும் இழுப்பவருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. அதனால், ‘இன்ன தேதியில் தளத்தை ஒப்படைத்தேன்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பாமல் எந்த வேலையையும் முடிக்காதீர்கள்.

அப்படியும் தராவிட்டால், எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளம் வழியாக வசதியாக்க மன்றத்தில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இந்த மன்றங்கள் இருக்கின்றன. மன்றம் முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் தீர்ப்பு வழங்கும். வாடிக்கையாளர் அதை எதிர்த்து நீதிமன்றம் போவதானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

அடுத்தது உரிமை. சம்பள ஊழியராக இல்லாமல் நீங்கள் எழுதும் நிரலுக்கு, மாற்றி ஒப்பந்தம் போடாதவரை, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் நீங்கள்தான். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். ‘முழுத்தொகை வந்தபின்பே உரிமை மாறும்’ என்று கொட்டேஷனில் ஒரு வரி சேருங்கள். பாதித் தொகை அட்வான்ஸ், இரண்டு முறை கரெக்‌ஷன், அதற்கு மேல் தனிக்கட்டணம் என்பதையும் அதிலேயே எழுதி, ‘சம்மதம்’ என்று பதில் வாங்குங்கள். மின்னஞ்சலில் வந்த சம்மதமும் செல்லும். டொமைனை மட்டும் வாடிக்கையாளர் பெயரிலேயே வாங்குங்கள். அதைப் பிடித்து வைத்துப் பணம் கேட்பது முறையல்ல.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கடையின் ஹோஸ்டிங் பாஸ்வேர்டு என்னிடம்தான் இருந்தது. ஒரு நள்ளிரவில் லாகின் செய்து, மொத்த ஃபைல்களையும் செலக்ட் செய்துவிட்டேன். டெலிட் மட்டும்தான் பாக்கி. வக்கீலாக இருக்கும் நண்பன் போனில் கத்தித் தடுத்தான். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினியில் நுழைந்து தகவலை அழிப்பது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்கும், 5 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். பணம் தராதவர் புகார்தாரர் ஆவார், உழைத்தவன் குற்றவாளி ஆவான். கோபத்தில் இருக்கும் தம்பி தங்கைகள் யாரும் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள்.

எனக்கு அப்போது உத்யம் பதிவு இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதிக் கொடுத்தேன். வழக்கு போடும் முன்பே இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், நீதிமன்றக் கட்டணம் கிடையாது. மக்கள் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். ஒத்துவராவிட்டால் வழக்குப் போடலாம்; வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டு வரை அவகாசம் உண்டு.

கடைக்காரர் வந்தார். டிசைன் சரியில்லாததால்தான் நிறுத்தி வைத்ததாகச் சொன்னார். நான் போனை எடுத்து, எட்டு மாதத்துக்கு முந்தைய அந்த “சூப்பரா இருக்கு தம்பி”யைக் காட்டினேன். இரண்டு தவணையில் முழுப் பாக்கியும் வந்து சேர்ந்தது.