திரௌபதி ஏன் கூந்தலை முடிக்கவில்லை?

பாரதத் திருவிழாவைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்கள் தவறாமல் ஒரு குறை சொல்வார்கள்: இதெல்லாம் மூலத்தில் இல்லை, பாமரர் கற்பனை. ஏனாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உத்திரமேரூர்ப் பக்கத்திலும் கோடைக் காலத்தில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என்று நாள்கணக்கில் நடந்து, படுகளத்திலும் தீமிதியிலும் நிறைவுறும் விழா அது.

மூலத்தில் இல்லாதது எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று பொறுமையாகக் கேட்டவர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சமயவியல் பேராசிரியராக இருந்த அவர், 1970களில் தமிழகம் வந்து செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டு திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்தார். 1988இலும் 1991இலும் இரு பெருந்தொகுதிகள் வெளிவந்தன. அவற்றை வாசித்த பிறகு படுகளத்தை வேடிக்கையாகப் பார்க்க இயலாது.

கூந்தலை எடுத்துக்கொள்வோம். வியாச பாரதத்தில் துச்சாதனன் திரௌபதியின் கூந்தலைப் பற்றி இழுக்கிறான். அவன் குருதியைக் குடிப்பேன் என்று வீமன் சூளுரைக்கிறான். ஆனால் பழி தீரும்வரை கூந்தலை முடியேன் என்று திரௌபதியே உரைக்கும் சபதம் அங்கே இல்லை. அது பட்ட நாராயணரின் வடமொழி நாடகத்திலும் தமிழ்ப் பாரத மரபிலும் வளர்ந்து, 1912இல் பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் தேசத்தின் குரலாகவே ஆயிற்று. கூத்து இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பகைவன் குருதியே எண்ணெய், விலா எலும்பே சீப்பு, குடலே பூச்சரம் என்கிறாள் அவள். படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தின் தொடை பிளக்கப்படும். செந்நீரைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிப்பாள். சில ஊர்களில் அந்த மண்ணில் ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்துச் சென்று நெல் குதிரில் இடுவதும் உண்டு. போரில் விழுந்தவனின் உடல் விளைச்சலுக்கு வித்தாகிறது! ஏட்டில் காணாத இந்த முடிவை உழவர்கள் தம் வாழ்க்கையிலிருந்து எழுதிச் சேர்த்தார்கள் என்றே நான் கொள்கிறேன்.

கதையைத் திருத்துவது பாமரரின் வழக்கம் மட்டுமன்று. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட முதல் பதிப்பில் வெண்பனி இளவரசியைக் கொல்லத் துணிபவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாயாகிவிட்டாள். தாய்மையின் புனிதத்துக்காகப் பண்டிதர்கள் செய்த திருத்தம் அது. அதை எவரும் பாமரர் கற்பனை என்பதில்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் எனக்கு விழாவின் வரவு செலவும் முக்கியம். தலைக்கட்டு வரி வசூலித்தே பல ஊர்களில் விழா நடக்கிறது. வரி கொடுத்த குடும்பத்துக்கு விழாவில் பங்கும் மரியாதையும் உண்டு. ஆகவே யாரிடம் வரி வாங்குவது, யாரிடம் வாங்க மறுப்பது என்பதிலேயே ஊர் என்றால் யார் என்பது தீர்மானமாகிவிடுகிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதை எதிர்த்து மூண்ட பூசலால், 2023 ஜூன் மாதம் வருவாய்த் துறையினர் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். சபையில் நீதி கேட்டு நின்றவளின் சந்நிதிக்கே பூட்டு. மறு ஆண்டு உயர் நீதிமன்ற ஆணைப்படி பூசைக்காகத்தான் அது திறந்தது.

இவ்வழிபாட்டின் காவல் தெய்வங்களைப் பற்றியும் ஹில்ட்பைட்டல் விரிவாக எழுதியிருக்கிறார். போத்துராஜாவோடு முத்தால ராவுத்தரும் அவர்களில் ஒருவர். குதிரை வீரர், முஸ்லிம். பல ஊர்களில் திரௌபதி கோயிலின் முன்னே அவருக்கென்று தனி இடம் இருக்கிறது; அவருக்குரிய படையலும் தவறாமல் நடக்கிறது. மூலத்தில் அவர் இல்லைதான்.