ஹாலோவீன் இரவும் மிட்டாயல்லாத பரிசுகளும்

அக்டோபர் மாதம் 31ஆம் நாள் மாலையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஊர்களிலே ஒரு விந்தையான ஊர்வலத்தைக் காணலாம். பேய், எலும்புக்கூடு, சூனியக்காரி, கடற்கொள்ளைக்காரன், அரசகுமாரி என்று பலவகை வேடம் புனைந்த சிறுவர் சிறுமியர், கையில் பையும் வாளியும் ஏந்தி வீடு வீடாகச் செல்வர். கதவு திறந்ததும் "டிரிக் ஆர் டிரீட்!" என்று ஒரே குரலில் முழங்குவர். 'ஏதேனும் கொடுக்கிறீர்களா, அல்லது குறும்பு செய்யட்டுமா?' என்பது அதன் பொருள். வீட்டார் சிரித்துக்கொண்டே ஒவ்வொருவர் பையிலும் மிட்டாயோ சாக்கலேட்டோ இடுவர். ஹாலோவீன் எனப்படும் இத்திருநாளில் குழந்தைகள் ஆண்டு முழுதும் எதிர்பார்த்திருக்கும் நிகழ்ச்சி இதுவே.

அண்மைக்காலமாக, மிட்டாய்க்குப் பதிலாகப் பென்சில், ஒட்டுப்படம், சோப்புக் குமிழி ஊதும் புட்டி போன்றவற்றை வழங்கும் வீடுகள் அங்கே பெருகி வருகின்றன. இதனைக் கேட்கும் சிலர், 'இது கஞ்சத்தனம் அன்றோ? குழந்தைகளின் மகிழ்ச்சியைக் கெடுப்பதன்றோ?' என்று எண்ணக்கூடும். அவ்வாறன்று. இம்மாற்றத்தின் பின்னே குழந்தைகளின் உயிர் பற்றிய கவலை உண்டு. வரலாற்றை நோக்கினால், மிட்டாய்தான் இவ்வழக்கத்திற்குப் புதியது என்பதும் விளங்கும்.

ஹாலோவீன் என்னும் சொல் 'புனிதர் அனைவரின் திருநாளுக்கு முந்திய மாலை' எனப் பொருள்படும். கிறிஸ்தவர்கள் நவம்பர் 1ஆம் நாளைப் புனிதர் அனைவருக்கும், 2ஆம் நாளை மறைந்தோரின் ஆன்மாக்களுக்கும் உரியனவாகப் போற்றுவர். அதற்கும் முற்பட்ட காலத்திலேயே அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய நாடுகளின் கெல்டிக் மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் அப்பொழுதைத் திருவிழாவாகக் கொண்டாடினர். இடைக்கால இங்கிலாந்தில் ஏழை எளியோர் வீடுதோறும் சென்று, மறைந்தோருக்காக இறைவனை வேண்டுவதாகக் கூறி, அதற்கு ஈடாகச் சிறு பணியாரம் பெற்றனர். அதற்கு 'ஆன்மப் பணியாரம்' என்றே பெயர். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் சிறுவர்கள் வேடம் புனைந்து சென்று, ஒரு பாட்டோ வேடிக்கையோ நிகழ்த்திக் காட்டி, ஆப்பிளும் கொட்டைகளும் சில்லறைக் காசும் பெற்று வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாடுகளிலிருந்து வட அமெரிக்காவில் குடியேறியவர்கள் இவ்வழக்கத்தையும் தம்முடன் கொண்டு சென்றனர். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்கள், புதிய நாட்டில் எளிதாகக் கிடைத்த பரங்கிக்காயைக் குடைந்து விளக்கேற்றலாயினர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விரவு குறும்புகளுக்குப் பேர்போனதாக இருந்தது. வேலிக் கதவுகளைக் கழற்றி மறைப்பதும் சன்னல் கண்ணாடிகளில் சோப்பைத் தேய்ப்பதும் இளைஞர்களின் விளையாட்டாயின. குறும்பிலிருந்து தப்ப ஏதேனும் கொடுத்தனுப்பும் வழக்கம் மெல்ல மெல்ல வேரூன்றியது. கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்துச் செய்தித்தாள் ஒன்றில், 'டிரிக் ஆர் டிரீட்' என்று கேட்டு வந்த சிறுவர்களைப் பற்றி 1927ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் 1942 முதல் 1947 வரை சர்க்கரைக்குப் பங்கீடு இருந்தது. பங்கீடு நீங்கிய பின்னரே இவ்வழக்கம் நாடெங்கும் பரவிற்று.

அப்போதும் பையில் விழுந்தவை மிட்டாய் மட்டுமல்ல. வீட்டில் செய்த பிஸ்கோத்து, பாகில் உருட்டிய சோளப்பொரி உருண்டை, ஆப்பிள், கொட்டைகள், சில்லறைக் காசு, சிறு விளையாட்டுப் பொருள் ஆகிய யாவும் இருந்தன. 1950ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரை அடுத்த ஒரு பகுதியில் குழந்தைகள் சிலர், தமக்கெனத் தின்பண்டம் கேட்பதற்குப் பதிலாக, உலகின் பிற நாட்டுக் குழந்தைகளின் நலனுக்காகக் காசு திரட்டினர். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யூனிசெப்பிற்கு அவர்கள் அனுப்பிய முதல் தொகை 17 டாலர். அச்சிறு முயற்சி பின்னர் நாடு தழுவிய இயக்கமாக வளர்ந்தது. வாசலுக்கு வரும் குழந்தைக்கு இன்னதுதான் தரவேண்டும் என்ற விதி என்றுமே இருந்ததில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

பின்னர் மிட்டாய் மட்டுமே எஞ்சியது ஏன்? இரண்டு காரணங்கள் கூறலாம். ஆலைகள் சிறு சிறு உறைகளில் இட்டு விற்ற மிட்டாய், வீட்டாருக்கு வசதியாக அமைந்தது முதற்காரணம். அச்சம் இரண்டாவது காரணம். ஆப்பிளுக்குள் சவரத் தகடு, பண்டத்தில் நஞ்சு என்ற வதந்திகள் 1960களிலிருந்து பரவின. 1974ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு தந்தையே தன் மகனுக்கு நஞ்சிட்ட இனிப்பைக் கொடுத்துக் கொன்ற கொடுமை மக்களை உலுக்கியது. 1982ஆம் ஆண்டில் சிகாகோ பகுதியில் மாத்திரைகளில் எவரோ நஞ்சு கலந்ததால் எழுவர் மாண்டது அந்த அச்சத்தை மேலும் வளர்த்தது. இத்தகைய செய்திகளைப் பல்லாண்டுக் காலம் ஆராய்ந்த சமூகவியல் அறிஞர் ஜோயல் பெஸ்ட், முன்பின் அறியாத ஒருவர் ஹாலோவீன் பண்டத்தில் நஞ்சிட்டுக் குழந்தையைக் கொன்றதாகவோ கடுமையாகப் பாதித்ததாகவோ உறுதியான சான்று எதுவும் தமக்குக் கிடைக்கவில்லை என்று எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆயினும், வீட்டுப் பண்டம் போய், ஆலையின் உறையே நம்பிக்கையின் முத்திரையாக நிலைபெற்றுவிட்டது.

அந்த முத்திரை எல்லாக் குழந்தைகளையும் காப்பதில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 13 குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் உணவு ஒவ்வாமை உடையவர் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, முந்திரி வாதுமை போன்ற கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள் ஆகிய ஒன்பதையும் முதன்மையான ஒவ்வாமைப் பொருள்களாக அந்நாட்டுச் சட்டம் குறிக்கிறது. எள் இப்பட்டியலில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் சேர்ந்தது. சாக்கலேட்டையும் மிட்டாயையும் எடுத்துக்கொண்டால், பாலோ கடலையோ சோயாவோ கலவாதவை குறைவு. ஒவ்வாமை கடுமையாக உள்ள குழந்தைக்கு அணுவளவு கடலையும் தீங்கு செய்யலாம். உடல் தடித்து, நாவும் தொண்டையும் வீங்கி, மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் தாழ்ந்து, உயிருக்கே ஊறு நேரலாம். எபிநெப்ரின் என்னும் மருந்தை உடனே ஊசி வழியே செலுத்தவேண்டிய நிலை அது. இதில் மற்றோர் இடரும் உண்டு. ஹாலோவீனுக்கென விற்கும் மிகச் சிறிய மிட்டாய்களில், அதே பெயருள்ள பெரிய மிட்டாயில் இல்லாத பொருள் கலந்திருத்தல் கூடும். தனித்தனி உறையில் பொருள் விவரம் அச்சிடப்படாமலும் இருக்கலாம்.

அத்தகைய குழந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதுவும் வேடம் புனைகிறது. மற்றவர்களுடன் இருபது வீடுகளின் படியேறுகிறது. அதே சொற்களை அதே மகிழ்ச்சியோடு கூவுகிறது. வீடு திரும்பியதும் தாய் பையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து அப்புறப்படுத்துகிறாள். நடந்த களைப்பு குழந்தைக்கு, பண்டமோ பிறருக்கு என்றாகிறது. நீரிழிவு உள்ள குழந்தை, கோதுமைப் புரதம் ஒவ்வாத குழந்தை, வாய்வழி உண்ண இயலாமல் குழாய் வழியே ஊட்டம் பெறும் குழந்தை ஆகியோர் நிலையும் ஏறக்குறைய இதுவே. அனைவரும் ஒன்றுபோல் மகிழவேண்டிய இரவில் ஒரு குழந்தை மட்டும் விலக்கப்படுவது சிறிய துன்பமன்று.

இக்குறையைப் போக்க எழுந்ததே மயில்கழுத்து வண்ணப் பரங்கிக்காய் இயக்கம். டென்னசி மாநிலத்தில், ஒவ்வாமையுள்ள குழந்தையின் தாய் ஒருவர் 2012ஆம் ஆண்டில் தம் வீட்டு வாசலில் ஒரு பரங்கிக்காய்க்கு நீலமும் பச்சையும் கலந்த மயில்கழுத்து நிறம் தீட்டி வைத்தார். 'இங்கே உணவல்லாத பரிசும் உண்டு' என்பதற்கு அது அடையாளம். உணவு ஒவ்வாமை ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் பணிபுரியும் ஃபேர் என்னும் அமைப்பு, 2014ஆம் ஆண்டில் அதனை நாடு தழுவிய இயக்கமாக்கியது. மிட்டாயைக் கொடுக்கவே கூடாது என்று இவ்வியக்கம் சொல்வதில்லை. மிட்டாயுடன் வேறொன்றும் இருக்கட்டும் என்பதே அதன் வேண்டுகோள்.

இனி, எவற்றைக் கொடுக்கலாம் என்று பார்ப்போம். உலர்ந்த திராட்சை, உப்பு பிஸ்கோத்து, கமலா ஆரஞ்சு முதலியவற்றைச் சிலர் வழங்குகின்றனர். சர்க்கரையைக் குறைக்க இவை உதவலாம். ஆனால் உணவு எதுவாயினும் யாரேனும் ஒருவருக்கு ஒவ்வாமற்போகலாம். ஆதலின் உணவல்லாத பொருளே யாவர்க்கும் ஏற்றது. பள்ளிச் சிறுவர்க்குப் பரங்கிக்காயும் வௌவாலும் அச்சிட்ட பென்சில், சிறு குறிப்பேடு, வண்ண மெழுகுக் குச்சி, புத்தகத்தில் வைக்கும் அடையாள அட்டை ஆகியவை மறுநாளும் பயன்படும். ஈரத்துணி வைத்து அழுத்தினால் கையில் பதிந்து, சில நாளில் அழிந்துவிடும் படங்கள் வேடத்திற்கு அணி சேர்க்கும். விரலில் மாட்டும் பொம்மை, நெகிழி மோதிரத்தில் அமர்ந்த கருஞ்சிலந்தி, பம்பரம், ஊதல், சோப்புக் குமிழிப் புட்டி ஆகியவற்றையும் சிறுவர் விரும்புவர். வளைத்தவுடன் ஒளிவிடும் வளையல் மற்றொரு நன்மையும் செய்யும்: இருளில் சாலையைக் கடக்கும் குழந்தையை வண்டியோட்டிக்குக் காட்டிக் கொடுக்கும். வளர்ந்த பிள்ளைகளுக்குச் சீட்டுக்கட்டு, சிறு புதிர், நாணயம் ஆகியவை ஏற்றவை. ஹாலோவீன் அன்று ஒரு புத்தகம் கொடுங்கள் என்று ஆங்கில எழுத்தாளர் நீல் கைமன் 2010ஆம் ஆண்டில் விடுத்த வேண்டுகோளைப் பின்பற்றி, அச்சமூட்டும் கதைநூல்களைப் பரிசளிப்போரும் உளர்.

உணவன்று என்பதனாலேயே எப்பொருளும் தீங்கற்றதாகிவிடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை கையில் கிடைத்ததை வாயில் இடும். கோலிக்குண்டு, சிறு ரப்பர்ப் பந்து, ஊதாத பலூன் ஆகியவை தொண்டையில் அடைத்து மூச்சை நிறுத்திவிடும். கழிப்பறைக் காகிதச் சுருளின் நடுவிலுள்ள அட்டைக்குழாயில் நுழையும் எப்பொருளும் அவ்வயதினர்க்கு ஆகாது என்பது நல்லதோர் அளவுகோல். காந்தத் துண்டுகளும், பொத்தான் போன்ற சிறு மின்கலம் எளிதில் கழன்றுவிடக்கூடிய பொம்மைகளும் விழுங்கப்பட்டால் குடலையும் உணவுக்குழாயையும் புண்படுத்தும். அவற்றை அறவே தவிர்க்கவேண்டும். ஒளிரும் வளையலைக் கடித்துவிடாதபடி பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பிசைந்து விளையாடும் வண்ண மாவு சிலவற்றில் கோதுமை உண்டு. பலூன், ரப்பர் முதலியவற்றில் இயற்கை ரப்பர்ப்பால் இருப்பின் அதுவும் சிலருக்கு ஒவ்வாது. வாங்குமுன் உறையைப் படித்துப் பார்ப்பதே முறை.

கொடுக்கும் முறையிலும் கருத்துச் செலுத்துதல் வேண்டும். மிட்டாயும் பொம்மையும் ஒரே கிண்ணத்தில் கலந்து கிடந்தால், கிழிந்த உறையிலிருந்து உதிர்ந்த கடலைத்தூள் பொம்மைமேல் படியலாம். எனவே இரண்டு கிண்ணங்கள் வேண்டும். 'உனக்கு ஒவ்வாமை உண்டா?' என்று வாசலில் நின்று வினவுவது குழந்தையைத் தோழர் நடுவே தனிப்படுத்திவிடும். இரு கிண்ணங்களையும் எல்லோர் முன்னும் நீட்டி, 'எது வேண்டுமோ எடுத்துக்கொள்' என்றால் போதும். எவர் எதை ஏன் எடுத்தார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்.

'பென்சிலைக் கண்டால் குழந்தைகள் முகம் சுளிக்கமாட்டார்களா?' என்ற ஐயம் இயல்பே. ஏல் பல்கலைக் கழகத்து அறிஞர்கள் இதனை நேரிலேயே சோதித்துப் பார்த்தனர். கனெக்டிகட் மாநிலத்தில் ஹாலோவீன் இரவில் வாசலுக்கு வந்த 3 முதல் 14 வயது வரையிலான 284 குழந்தைகளின் முன், மிட்டாய்த் தட்டையும் சிறு விளையாட்டுப் பொருள் தட்டையும் ஒருங்கே நீட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மிட்டாயை விரும்பியவர் ஏறக்குறையப் பாதி. பொம்மையை விரும்பியவரும் ஏறக்குறையப் பாதி. 2003ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, குழந்தைகளுக்கு இனிப்பைத் தவிர வேறெதுவும் பிடிக்காது என்பது பெரியவர்களின் எண்ணமே என்பதைக் காட்டுகிறது. அன்று மாலைக்குள் பை நிறைய ஒரே வகை மிட்டாயைச் சேர்த்துவிட்ட குழந்தைக்கு, புதிதாய் ஒன்று கிடைப்பது மகிழ்ச்சியைத் தருவதில் வியப்பில்லை.

நம் நாட்டிலிருந்து சென்று அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களின் வாசல்களிலும் அன்றைய மாலையில் இக்குழந்தைகள் வந்து நிற்கின்றனர். நவராத்திரிக் கொலுவுக்கு வந்த சிறுமிக்குச் சுண்டலோடு சீப்பும் கண்ணாடியும் வளையலும் கொடுத்துப் பழகியவர்களுக்கு, உணவல்லாத பரிசு என்னும் கருத்து விளங்குவதில் தடையேதும் இராது.

பண்டைநாளில் பணியாரமும், பின்பு ஆப்பிளும் காசும், அதன்பின் மிட்டாயும் என்று, கொடுக்கும் பொருள் காலந்தோறும் மாறியே வந்திருக்கிறது. மாறாதது ஒன்றுதான்: அறிமுகமில்லாத குழந்தை வந்து தட்டினாலும் கதவு திறக்கவேண்டும்; அது வெறுங்கையோடு திரும்பலாகாது. ஒவ்வாத மிட்டாயைப் பெற்றுச் செல்லும் குழந்தை, பை நிறைந்திருந்தும் வெறுங்கையோடு திரும்பும் குழந்தையே. அதற்கென ஒரு பென்சிலையோ ஊதலையோ தனிக் கிண்ணத்தில் எடுத்து வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அதனை எடுத்துக்கொண்ட குழந்தையின் பையிலிருந்து அன்றிரவு அந்த ஒன்றையேனும் தாய் எடுத்து அப்புறப்படுத்த வேண்டியிராது.